தொட்டிப் பாசி: நான்கு சந்தேகங்கள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே வெக்கை. காற்று அசையவில்லை. முதலில் வரிசை போட்டுக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும். மீன் தொட்டியில் பாசி ஏன், என்ன செய்வது:

1. விளக்கு. அதிக நேரம் எரிகிறதா?
2. தீனி. அதிகம் போடுகிறேனா?
3. தண்ணீர். கமலா சொன்னபடிதான் ஊற்றுகிறேன். இதில் தப்பு இருக்காது.
4. கல்லின் மேல் இன்று காலை பார்த்த ஆரஞ்சு நிறப் படலம். புதுவகைப் பாசி. பரவுவதற்குள் சுரண்டிவிட வேண்டும்.

முதல் இரண்டிலும் என் தப்பு இருக்கலாம். நான்காவதில் சந்தேகம் இல்லை.

தொட்டி என் மனைவி கமலாவுடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மாதமே வாங்கினாள். மூன்றடி நீளம், உப்புத் தண்ணீர். இரண்டு கோமாளி மீன்கள், ஆரஞ்சில் வெள்ளைப் பட்டை. பெரியவள், சின்னவன் என்று அவள் வைத்த பெயர்கள். முழங்கால் ஆபரேஷன் முடிந்து இப்போது சிதம்பரத்தில் தன் தம்பி சேகர் வீட்டில் இருக்கிறாள். அங்கே படி ஏற வேண்டாம், பிசியோதெரபியும் பக்கம். கடலூரில் நானும் தொட்டியும். கிளம்பும்போது காரில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள்: “ரெண்டு உசுரு. பாத்துக்குங்க.”

மூன்று வாரம் ஆகிறது. கண்ணாடி முழுக்கப் பச்சை. கற்களில் முடி மாதிரி நீளப் பாசி. மணல் மேல் செம்பழுப்பு ஏடு, தொட்டால் பாலாடை போலக் கிழிகிறது.

சாயங்காலம் போன்.

“தொட்டி எப்படிங்க இருக்குது?”

“நல்லா இருக்கு.”

“வீடியோல காட்டுங்களேன்.”

“நெட்டு சரியில்ல.”

நெட் நன்றாகத்தான் இருந்தது. வைத்த பிறகு வாசலுக்கும் ஹாலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். பிரஷர் மாத்திரை போட்டேனா? நினைவில்லை. மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். போட்டிருக்கிறேன்.

ஜூலை 9, புதன்

மின்தடை, காலை முழுவதும். அதில்தான் புத்தி வந்தது. விளக்கின் டைமர் ஒவ்வொரு மின்தடைக்கும் நின்றுபோய், பிறகு நினைத்த நேரத்தில் எரிகிறது. போதாததற்கு நானே ராத்திரி அந்த வெளிச்சத்தில் பேப்பர் படிக்கிறேன். ஹால் விளக்கைப் போட்டால் தனியாக இருப்பது தெரிகிறது. டைமரைச் சரிசெய்தேன். இனி பேப்பர் அடுக்களையில்.

வேலைக்கு வரும் செல்வி துடைப்பத்தோடு தொட்டி முன் நின்றாள்.

“என்னா சார், அம்மா போனதும் தொட்டிக்குத் தாடி மொளச்சிடுச்சி?”

“எடுத்துடுவேன்.”

“ஒங்களுக்குந்தான்.”

முகத்தைத் தடவிப் பார்த்தேன். உண்மை.

பிறகு நான்காவது காரியம். காலாவதியான ஏ.டி.எம். அட்டையால் ஆரஞ்சுப் படலத்தைச் சுரண்ட ஆரம்பித்தேன். பாதி வந்தது. திடீரென்று பெரியவள் பாய்ந்து வந்து கட்டைவிரலில் கடித்தாள். ரத்தம் இல்லை. ஆனால் கையை எடுத்துவிட்டேன், சட்டையெல்லாம் தண்ணீர். மறுபடி விட்டேன், மறுபடி கடி. விட்டுவிட்டேன்.

“வெரல் நீளங்கூட இல்ல சார் அது!” செல்வி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

சுரண்டியதைக் குழாய் வைத்து உறிஞ்சி, வாளியோடு சாக்கடையில் ஊற்றினேன். பாதி கல்லிலேயே இருக்கிறது. மீனுக்குப் பயந்தவன் என்று எழுதிக்கொள்ள வெட்கம். எழுதிவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

தீனி. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். கமலா சொன்னது ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை. நான் ஹாலைக் கடக்கும்போதெல்லாம் இரண்டும் கண்ணாடி ஓரம் வந்து நிற்கின்றன. இந்த வீட்டில் என்னைக் கண்டதும் ஓடிவரும் ஜீவன் வேறு எது? ஒரு சிட்டிகை போடுவேன். திரும்பி வரும்போது இன்னொன்று. தின்றது போக மீதி கீழே அழுகி, பாசிக்கு எரு. டப்பாவை அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன், நாற்காலி போட்டு ஏறினால்தான் எட்டும்.

பல் துலக்கும் பிரஷ் ஒன்றை விட்டு நீளப் பாசியைச் சுற்றிச் சுற்றி இழுத்தேன். சேமியா மாதிரி சுருண்டு வருகிறது. ஒரு கிண்ணம் நிறைய. இடுப்பு வலி.

மீதிப் படலம் இன்று ஆரஞ்சு இல்லை, பழுப்பு. சாகிறதோ? சின்னவன் அதையே சுற்றிச் சுற்றி வருகிறான், வாயால் கொத்துகிறான், துடுப்பால் அடிக்கிறான். தின்கிறான் என்று நினைக்கிறேன். நல்லது. பாசி தின்னும் மீன் வேண்டும் என்று கடைக்காரர் விலை உயர்ந்த ஒன்றைச் சொன்னார். இவனே செய்வான் போலிருக்கிறது.

காஸ் புக் செய்ய வேண்டும்.

ஜூலை 12, சனி

காலை பஸ்ஸில் சிதம்பரம். ஜன்னலோர இடம் கிடைத்தது, வெயிலும் அதே பக்கம். கமலாவுக்கு மல்லிகைப் பூ, சேகர் வீட்டுக்கு மாம்பழம்.

வாக்கர் பிடித்து வாசல்வரை வந்தாள். முகம் தெளிவு. என் தாடியைப் பார்த்தாள். சாப்பிட்ட பிறகு அவளே ஆரம்பித்தாள்.

“பாசி எப்படி இருக்குது?”

“எந்த பாசி?”

“செல்வி அன்னிக்கே போன்ல சொல்லிட்டா. நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

சோற்றுத் தட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சேகருக்குக் கொண்டாட்டம்.

“மாமா, அவ்ளோ வருசம் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக்குடுத்தீங்க. ரெண்டு மீன மேய்க்க முடியலியா?”

“அது ஜாஸ்தி ஆயிட்டே போவுது மச்சான். ஒண்ண எடுத்தா ஒண்ணு வருது.”

“விடுங்க. பரங்கிப்பேட்டையில நமக்குத் தெரிஞ்ச பாய் ஒருத்தர் இருக்காரு. துபாய்லேர்ந்து வந்து செட்டில் ஆயிட்டாரு. வீட்டுல இதப் போல ரெண்டு பங்கு தொட்டி. சொன்னா வெள்ளிக்கிழமை வந்து மீன எடுத்துக்குவாரு. அக்காவாலயும் இனி குனிஞ்சு நிமிந்து செய்ய முடியாது.”

கமலா முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “ஒங்களால முடியலன்னா குடுத்துடலாம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

நினைத்துக்கொள்வாள். எனக்குத் தெரியும். ஆனாலும் “சரி” என்றேன். யார் எதைச் சொன்னாலும் என் வாயில் முதலில் வருவது அந்த வார்த்தைதான். சேகர் அப்போதே பாய்க்கு போன் போட்டுவிட்டான். நம்பரை எனக்கும் அனுப்பினான்.

பேச்சை மாற்ற நினைத்து, பெரியவள் என்னைக் கடித்ததைச் சொன்னேன்.

“ஒங்களையா? என்னை ஒரு நாளும் கடிச்சதில்லியே.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “தண்ணி கெட்டுப்போயி வெறி புடிச்சிருக்கும்.”

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தச் ‘சரி’யே வழி முழுக்க. கடலூர் வரும்போது தூறல். குடையை சேகர் வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

தண்ணி கெட்டுப்போயி, என்றாள். அது உறுத்திக்கொண்டே இருந்தது. மூன்றாவதில் தப்பு இருக்காது என்று எழுதியவன் நான்.

அவள் அலமாரி இழுப்பறையில் தண்ணீரில் உப்பு அளவு காட்டும் பேனா இருந்தது. அடுக்களை ஆர்.ஓ. தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். தொட்டிக்கு ஊற்ற இருபதுக்குள் இருக்க வேண்டும் என்பாள். பேனா காட்டியது அதைப்போலப் பல மடங்கு. பேனாதான் கெட்டிருக்கும் என்று துடைத்து மறுபடி வைத்தேன். அதே எண்.

அப்புறம் ஞாபகம் வந்தது. கமலா போன மறுநாள் சர்வீஸ் ஆள் வந்தார். காபி சப்பென்று இருக்கிறது என்று நான்தான் சொன்னேன். பின்பக்கம் ஒரு திருகைத் திருகிவிட்டு, “இப்ப டேஸ்ட்டா இருக்கும் சார்” என்றார். டேஸ்ட்டாகத்தான் இருந்தது. வடிகட்டாத போர் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு அது என்று இன்றைக்குத்தான் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். அதில் உள்ளதெல்லாம் பாசிக்குச் சாப்பாடு. தினமும் ஆவியாகிற அளவுக்கு நான் ஊற்றி நிரப்பியது இந்தத் தண்ணீரை.

திருகை நானே மூடினேன். உடைந்துவிடுமோ என்று பயம், உடையவில்லை. முதல் இரண்டு வாளியைக் கொட்டிவிட்டு அளந்தேன். பதினெட்டு. நல்ல தண்ணீரில் உப்புக் கரைத்து, தொட்டியில் கால் பங்கு மாற்றினேன்.

சப்பென்ற காபி. முழுவதும் குடித்தேன்.

விளக்கு நான், தீனி நான், தண்ணீர் நான்.

ஜூலை 15, செவ்வாய்

ஷேவ் செய்துகொண்டேன். இரண்டு இடத்தில் கீறல்.

கண்ணாடி நேற்றுத் துடைத்தது, இன்னும் தெளிவாக இருக்கிறது. நீளப் பாசி வெளுத்திருக்கிறது. மணல் ஏடு திட்டுத் திட்டாகக் குறைவு. ஒரு வாரம் முன்பே செய்திருந்தால் சிதம்பரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். இப்போது எதற்கு? வெள்ளிக்கிழமை பாய் வருகிறார்.

பாக்கி நான்காவதுதான். அந்தப் பாசி அவர் தொட்டிக்கும் ஒட்டிக்கொண்டு போய்விடக் கூடாது. செல்வி வருவதற்குள் முடித்துவிட எண்ணம், இன்னொரு சிரிப்பு வேண்டாம். கைக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் உறை. அட்டை தயார். அதற்கு முன் எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொள்ளலாமே என்று, பேப்பர் படிக்கும் பூதக்கண்ணாடியைத் தொட்டிக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன்.

படலம் இல்லை. தனித்தனியாக, சிறு சிறு குப்பிகள் நெருக்கி நட்ட மாதிரி. ஒவ்வொன்றிலும் வெள்ளியாக இரண்டு புள்ளிகள். கண்கள். அத்தனை ஜோடிக் கண்கள். சின்னவன் பக்கத்திலேயே நின்று துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தான். தின்னவில்லை. ஒரு நாளும் தின்றதில்லை. பெரியவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் கண்ணுக்கு நேரே.

உறையைக் கழற்றிப் போட்டேன். உடனே சிதம்பரத்துக்குப் போன்.

“கமலா, முட்டை. கல்லுல முட்டை. கண்ணு தெரியுது.”

அந்தப் பக்கம் டி.வி. சத்தத்தைக் குறைத்தாள்.

“அன்னிக்கு நான் பாசின்னு நெனச்சு... பாதிய சுரண்டிட்டேன். சாக்கடையில ஊத்திட்டேன். அதுக்குத்தான் பெரியவ கடிச்சிருக்கா.”

வாக்கர் தரையில் நகரும் சத்தம் கேட்டது. பிறகு:

“மீதி பாதி இருக்குதா?”

“இருக்கு.”

“சின்னவன் விசிறுறானா?”

“விசிறுறான்.”

“கைய உள்ள வுடாதீங்க.” மூக்கை உறிஞ்சினாள். “பாய்க்கு நீங்களே போன் பண்ணுங்க. சேகரச் சொல்லச் சொல்லாதீங்க. குடுக்கறதா வேணாமான்னு நீங்க சொல்லுங்க.”

என்ன பேசுவது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். தாளைப் பார்க்காமலே பேசிவிட்டேன்.

“மன்னிக்கணும். மீன் தரமுடியாது. தர்றதா சொன்னது என் தப்பு. முட்டை வச்சிருக்கு.”

திட்டுவார் என்று காத்திருந்தேன்.

“முட்டையா? மாஷா அல்லாஹ்! யாரு சார் அத எடுப்பா? பொரிஞ்சா ஒரு வார்த்த சொல்லுங்க, பாக்கவாவது வர்றேன்.”

செல்வி வந்துவிட்டாள். ரப்பர் உறையைப் பார்த்து, “இன்னிக்கும் சண்டையா சார்?” பூதக்கண்ணாடியை அவளிடம் கொடுத்தேன். பார்த்தாள். சிரிக்கவில்லை.

எட்டாம் தேதி வரிசையை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவதில் தப்பு இருக்காது என்று இருக்கிறது, அது போகட்டும், சரிசெய்தாயிற்று. நான்காவதில் சந்தேகம் இல்லை என்று எழுதியிருக்கிறேன். நான்காவது தவறு. அது பாசி இல்லை.