நான் திருத்திய உன் கடிதங்கள்

இன்று காலை லண்டன் தரகருக்கு ஒரு கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். மழையில் ஆவாரம்பட்டை வண்டிகள் வரவில்லை, பதனிட வேண்டிய ஆட்டுத்தோல் அப்படியே கிடக்கிறது, சரக்கு தாமதமாகும். முதலாளி பின்னால் நின்று தமிழில் சொல்வார், நான் இங்கிலீஷில் அடிப்பேன். 'எங்கள் சக்திக்கு மீறிய காரணங்களால்' என்ற இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன.

"இன்னா சார், மெஷின் பேஜார் பண்ணுதா?"

"இல்லை."

"அப்ப அடிங்க. தபால் மூட்டய கட்டிடப் போறான்."

அடித்தேன். மாதத்தில் நாலு தடவை அடிக்கிற வரி. ஒவ்வொரு தடவையும் அது உன் கையெழுத்தில்தான் தெரிகிறது. வட்டம் வட்டமான எழுத்து. சற்று மேலேறிப் போகும் வரி.

கல்யாணமான ஆறாம் மாதம் நான் சென்னைக்குப் படிக்கப் போனேன். நீ ஆம்பூரில், என் வீட்டில். அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. இங்கிலீஷ் தெரியாது. தமிழில் கடிதம் வந்தால் கூடத்தில் உட்கார்ந்து தெருவுக்கே கேட்கும்படி படிப்பார். நீ எனக்கு எழுதுவதையும் தபாலில் போடுமுன் வாசித்துக் காட்டச் சொல்வார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கடிதம் என்பது குடும்பத்துக்குப் பொது என்று நினைத்தார்.

"சவுக்கியம், சவுக்கியமா. இதத் தவிர இன்னா எழ்தறது?" என்று கேட்டாய். "இங்கிலீசு எழ்தக் கத்துக்குனா நமக்குள்ளயே இருக்கும்."

மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நீ. எழுத்துக் கூட்டத் தெரியும். சென்னையில் ஒரு நடைபாதைக் கடையில் உனக்கென்று ஒரு புத்தகம் வாங்கினேன். உள்ளே என்ன என்றுகூடப் பார்க்கவில்லை. வியாபாரக் கடிதங்களில் வழங்கும் சொற்றொடர்கள். எதிரே தமிழில் பொருள். வாரம் ஒரு பாடம் எழுதி அனுப்பு, திருத்தி அனுப்புகிறேன் என்றேன்.

பாடம் என்றுதான் சொன்னேன். அங்கேதான் தவறு தொடங்கியது.

புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்த கோடை விடுமுறையில் என் கவிதைப் பாடநூலை எடுத்துச் சில பக்கங்களைத் தமிழில் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாய். "உங்க புஸ்தகத்துல யாருக்கும் பசிக்காதா? எல்லாரும் நின்னுக்கினு மேகத்தப் பாக்கறாங்க. என் புஸ்தகம் எவ்ளோ மேல். வந்துச்சு, வரல, வேணும், அனுப்பு."

நான் சோப்பும் ரிப்பனும் அனுப்பியதற்கு உன் முதல் இங்கிலீஷ் கடிதம் வந்தது. தாங்கள் அன்புடன் அனுப்பிய சரக்கு சேதமின்றி வந்து சேர்ந்தது. தரம் திருப்தியளிக்கிறது. தங்கள் வருகையை ஆவலுடன் எதிர்நோக்குகிறோம். விடுதி அறையில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். கட்டிலில் புரண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு சிவப்பு மையால் திருத்தி, பத்துக்கு ஐந்து என்று போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

ஆவணியில் இன்னொன்று. புதிய சரக்கு ஒன்று தயாராகி வருவதைத் தெரிவிப்பதில் மகிழ்கிறோம். மாசியில் தங்களிடம் ஒப்படைக்கப்படும். புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். பத்துக்கு ஆறு.

கார்த்திகையில் கடைசிக் கடிதம். இரண்டே வரி. எங்கள் சக்திக்கு மீறிய காரணங்களால், முன்பு குறிப்பிட்ட சரக்கைத் தங்களிடம் ஒப்படைக்க இயலாமைக்கு மிகவும் வருந்துகிறோம்.

ஓரத்தில் எழுதினேன்: எந்தச் சரக்கு? பொருள் விளங்கவில்லை. வெறும் மனப்பாடம் வேண்டாம். பத்துக்கு நான்கு.

அதன்பின் நீ எழுதவில்லை. சலித்துப் போயிருப்பாய் என்று விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு வந்தேன். வாசலில் அக்கா என் கையிலிருந்த பெட்டியை வாங்கவில்லை.

"இப்பத்தான் வர்றியா? அஞ்சு மாசம் வயித்துல இருந்து போச்சு. ஒரு வரி எழ்தல நீ."

"எனக்கு யாரும் சொல்லலியே அக்கா."

"அவ சொன்னாளே. அப்பா எழ்தறேன்னாரு. வேணாம் மாமா, நானே எழ்திட்டேன்னா."

நீ கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாய். மெலிந்து போயிருந்தாய். நான் வந்து நின்றது தெரிந்தும் நிமிரவில்லை.

நீதான் பேசினாய். "மார்க்கு ரொம்ப கம்மியா போட்டுட்டீங்க."

சிரித்தாற்போலத்தான் சொன்னாய்.

"எனக்குப் புரியல," என்றேன்.

"எனக்கும் வேற தெரியல. அந்தப் புஸ்தகத்துல அதுக்கு மேல வார்த்த இல்ல." துணியைப் பிழிந்து என் கையில் ஒரு நுனியைக் கொடுத்தாய். "புடிங்க. இறுக்கிப் புடிங்க."

பிடித்தேன். மன்னிப்பு என்ற சொல்லை எந்த மொழியிலும் நான் சொல்லவில்லை. தையில் சென்னைக்குத் திரும்பிவிட்டேன், பரீட்சை இருந்தது. பின்னால் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நம் இருவருக்கும் இருபது சொச்சம் வயது. காலம் இருக்கிறது என்றுதானே யாரும் நினைப்பார்கள்?

அடுத்த ஐப்பசியில் உனக்கு விஷ ஜுரம். அப்பா தந்தி கொடுத்தார். உடனே புறப்படவும். இங்கிலீஷில் இரண்டே சொற்கள். விடுதிக் காவலாளிக்கு இங்கிலீஷ் தெரியாது. உறையை நீட்டும்போதே அவன் கண் கலங்கியிருந்தது. ரயில் முழுக்க அந்த இரண்டு சொற்களுக்கு வேறு பொருள் உண்டா என்று தேடிக்கொண்டு வந்தேன். ஆம்பூரில் இறங்கியபோது நீ இல்லை.

படிப்பு முடிந்து வேலூரில் ஒரு பள்ளியில் உத்தியோகம் கிடைத்தது. போகவில்லை. பிள்ளைகளின் நோட்டைத் திருத்த வேண்டியிருக்கும். இங்கே தோல் ஷாப்பில் கடித குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். உன் புத்தகத்திலுள்ள வரிகளைத்தான் நாள் முழுக்க அடிக்கிறேன். எங்கிருந்தோ வரும் கடிதங்களில் 'வருந்துகிறோம்' என்று கண்டால் உடனே கோப்பில் போடுவதில்லை. இன்னொரு தடவை படிக்கிறேன். பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. தோல்தான்.

இன்று மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அக்காவிடம் அந்தக் குழந்தையைப் பற்றிக் கேட்டேன். அக்கா குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பொண்ணுடா." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அது இன்னான்னு தெரியறதுக்கு முன்னாடியே அவ பேரு வெச்சிட்டிருந்தா. பொண்ணுதான்னு அவ்ளோ நிச்சயம் அவளுக்கு."

"இன்னா பேரு?"

"எங்க சொன்னா? நானும் கேட்டுப் பாத்தேன். மொதல்ல அவருக்குத் தெரியட்டும், எழ்திருக்கேன்னா."

தோல் கட்டுகளின்மேல் ஒரு குறி எழுதுவார்கள். எந்தக் கட்டு யாருடையது என்று தெரிய. ஆவணிக் கடிதத்தின் அடியில் நீயும் எழுதியிருந்தாய்: குறி என்று போட்டு, பக்கத்தில் ஒரே ஒரு சொல். தேவையற்றது என்று அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். கடிதம் என்னிடம் இல்லை, திருப்பி அனுப்பிவிட்டேன். உன் பெட்டியிலும் இல்லை.

மதியத்திலிருந்து நினைத்துப் பார்க்கிறேன். அடித்த கோடு நன்றாக நினைவிருக்கிறது. நேரான கோடு. அதன் கீழிருந்த சொல் மட்டும் வரவில்லை.