என் இரத்தத்துக்கு உன் அப்பாவைப் பிடிக்கவில்லை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வயிற்றில் இருக்கும் சின்ன ஆள் ராத்திரியில்தான் உதைக்கிறான் என்று சொன்னாய். நீயும் அப்படித்தான் உதைத்தாய், அதனால் புகார் சொல்ல உனக்கு உரிமை கிடையாது.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், உன் அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடு, ஸ்பீக்கரில் போடு என்று உயிரை எடுப்பார். கடிதத்தை அவர் எட்டிப் பார்க்க மாட்டார். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரியாது.

விஷயம் இதுதான். அப்பாவின் கிட்னியை எனக்கு வைப்பதாக முடிவானது உனக்குத் தெரியும். இரத்த வகை சேர்ந்தது, ஸ்கேன் சரியாக இருந்தது, அவர் உடம்பும் சோதனையில் தேறியது. லிஃப்ட் ரிப்பேர் பார்த்து ஆயுள் முழுக்கப் படி ஏறி இறங்கியவர் இல்லையா. கடைசியாக இரண்டு பேர் இரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தார்கள். அங்கேதான் இடித்தது. கிட்னி டாக்டர் அம்மா எங்களை உட்கார வைத்து, என் இரத்தத்தில் உன் அப்பாவுக்கு எதிராக ஆன்டிபாடி இருக்கிறது என்று சொன்னார். அதாவது எதிர்ப்பு. அந்தக் கிட்னியை இப்படியே வைத்தால் என் உடம்பு அதை ஒரே நாளில் அடித்துத் துரத்திவிடுமாம்.

உன் அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எப்போதிலிருந்து என்று கேட்டார். பிரசவத்திலிருந்து என்றார் டாக்டர். கல்யாணத்திலிருந்து இல்லையே என்று அவர் கொஞ்சம் ஆறுதல் அடைந்த மாதிரி இருந்தது.

எல்லாம் உன்னால் வந்தது. உன்னில் பாதி அவர்தானே. நீ பிறந்தபோது உன் இரத்தம் கொஞ்சம் என் இரத்தத்தில் கலந்திருக்கிறது. இது யார் வீட்டுச் சரக்கு என்று என் இரத்தம் முறைத்துப் பார்த்து, எதிர்ப்பைத் தயாரித்து வைத்துக்கொண்டது. முதலில் தயாராவது ஒரு குண்டு ரகமாம். அதற்குக் கைகள் நிறைய, ஆனால் பிடி லேசு, கொஞ்ச நாளில் போய்விடும். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதைத் தயாரிக்கிற இரத்த அணு அதன் பிறகு ரகத்தை மாற்றிக்கொள்கிறது. டாக்டர் படம் போட்டுக் காட்டியும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் புரிந்துவிட்டது. உடுப்பின் மேல் பாகம் யார் அளவுக்கு வெட்டியதோ அது அப்படியே இருக்கிறது. கீழ்ப் பாகத்தை மட்டும் பிரித்து வேறு துணி வைத்துத் தைக்கிறது. நடுவில் வெட்டிய துண்டை எறிந்துவிடுவதால் பழைய மாதிரிக்குத் திரும்பவே முடியாது. புது ரகம் மெலிசு, நுழையாத இடம் கிடையாது, பிடித்தால் விடாது. வருஷக்கணக்கில் அதையே தைத்துக்கொண்டிருக்கும் அணுக்கள் என் உடம்பில் இருக்கின்றன. எல்லாம் உன் அப்பா அளவுக்கு.

உன் கிட்னியைத் தருகிறேன் என்று மறுபடி ஆரம்பிக்காதே. நீ இருக்கும் நிலையில் அந்தப் பேச்சே கூடாது. அதோடு உன்னிலும் பாதி அவர் இருப்பதால் என் இரத்தம் உன்னையும் முறைக்கும்.

வழி இருக்கிறது என்கிறார் டாக்டர். என் இரத்தத்தை வெளியே எடுத்து, மெஷினில் ஆன்டிபாடியைக் களைந்து, திரும்ப உள்ளே விடுகிறார்கள். புதிதாக உண்டாகாமல் இருக்க மருந்தும் ஏற்றுகிறார்கள். எதிர்ப்பின் அளவு வேண்டிய மட்டும் இறங்கினால் ஆபரேஷன். இறங்காவிட்டால் இப்போது போலவே டயாலிசிஸ்தான், அது எத்தனை காலம் தாங்கும் என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது வேடிக்கையைக் கேள். உன் அப்பா இதைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டுவிட்டார். அன்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "நான் அப்படி என்னதான் பண்ணிட்டேன்?" என்று கேட்டார். மறுநாள் காலையில் கண் விழித்தால் கையில் டீயோடு நிற்கிறார். அதை டீ என்று சொல்வது டீக்கு அவமானம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஈரத் துண்டை நாற்காலியில் போடுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் ஸ்பேனர் வைப்பதில்லை. உன் பெரியம்மாவை நல்ல மனுஷி என்று சொன்னார். அவர் வாயால்! தன் நடத்தையைப் பார்த்து என் இரத்தம் மனசு மாறும் என்று நினைக்கிறார், பாவம்.

முதல் சோதனையில் அளவு நன்றாக இறங்கியது. பரீட்சையில் பாஸான பையன் மாதிரி நடந்தார். அடுத்ததில் அவ்வளவாக இறங்கவில்லை. அதற்கு முந்தின நாள் ஃபேன் வேகத்துக்காக என்னோடு சண்டை போட்டிருந்தார். நர்ஸ் ஊசி குத்திக்கொண்டிருக்கும்போது என் கையைப் பார்த்து, ஃபேன் விஷயத்தில் தப்பு தன் பேரில்தான் என்று மன்னிப்புக் கேட்டார். என்னிடம் இல்லை, கையிடம். நர்ஸ் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டது. டாக்டர் உண்மையை எடுத்துச் சொல்லப் போனார், நான் கண்ணைக் காட்டி நிறுத்திவிட்டேன். ஒரு மனுஷர் திருந்தி வரும்போது எதற்குக் கெடுக்க வேண்டும்?

நேற்று வந்த ரிசல்ட்டில் அளவு வேண்டிய மட்டும் இறங்கிவிட்டது. வரும் வாரம் ஆபரேஷன். பெரும்பாலும் நன்றாக முடிகிறது, சிலருக்கு எதிர்ப்பு திரும்பி வருகிறது, முதல் சில வாரங்கள் தாண்ட வேண்டும் என்கிறார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் டாக்டர் சொன்னார். அந்த மெலிசு ரகம்தான் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குக் கடந்து போகுமாம். பிறந்து முதல் சில மாதங்கள் பிள்ளையைக் காப்பது அதுதானாம். அதனால் அதை ரொம்பத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. இந்நேரம் நீயும் அனுப்பிக்கொண்டிருப்பாய். நன்றாகச் சாப்பிடு, நிறைய அனுப்பு. பிள்ளைக்குச் சின்னச் சட்டைகள் வெட்டி வைத்திருக்கிறேன், தைக்கவில்லை. அளவு நேரில் எடுத்துத்தான் தைப்பேன். என் ஆசி உங்கள் மூவருக்கும்.

உன் அம்மா

*

என் கண்ணு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். கண்ணாடி கிடைத்துவிட்டது, சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்ததை மாப்பிள்ளையிடம் போனில் சொன்னேன். விவரம் எழுதத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

என்னை ஒரு அறையில் திறந்தார்கள், அம்மாவை அடுத்த அறையில். கிட்னியை அவளுக்குள் வைத்துத் தைத்து இரத்த ஓட்டம் விட்டதும் மேஜையிலேயே சிறுநீர் வந்துவிட்டதாம். பெரிய சர்ஜன் கையைத் தட்டினாராம். எனக்கு விழிப்பு வந்ததும் நர்ஸ் முதலில் சொன்னது அதைத்தான். ஒருத்தர் ஒன்றுக்குப் போனதைக் கேட்டு நான் அழுதது அன்றுதான்.

உன் அம்மா என்னைப் பற்றி என்ன எழுதியிருப்பாள் என்று தெரியும். என் நடத்தையால் ஆன்டிபாடி இறங்குகிறது என்று நான் நம்புவதாக எழுதியிருப்பாள். எனக்கு அவ்வளவு புத்தி குறைவில்லையம்மா. முதல் நாளே டாக்டரைத் தனியாகப் பிடித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மெஷின் களைகிறது, மருந்து தடுக்கிறது, அவ்வளவுதான். மெஷின் விஷயம் எனக்குப் புரியாதா?

ஆனால் டயாலிசிஸ் முடிந்து வந்தால் அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வாள். கூப்பிட்டால் ம் என்பாள். அன்று காலையில் அவளுக்கு எதையாவது செய்ய வேண்டும் போல இருந்தது, டீ போட்டேன். ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாள் ஆகியிருந்தது. சரி, பைத்தியக்காரனாகவே இருந்துவிட்டுப் போவோம் என்று முடிவு செய்தேன். கையிடம் மன்னிப்புக் கேட்டதும் அதற்குத்தான். டாக்டரைப் பார்த்து அவள் கண்ணைக் காட்டினாள், அவள் பார்க்காதபோது நானும் காட்டினேன். அந்த டாக்டர் அம்மா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு படாத பாடு பட்டார்.

உன் பெரியம்மா விஷயத்தில் சொன்னது மட்டும் சுத்தப் பொய்.

இனி உனக்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன். போன வாரம் அளவு மறுபடி ஏறியது. சிறுநீர் குறைந்தது. எல்லோரும் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். மறுபடி மெஷினில் போட்டார்கள். நான் வேறு வார்டில், தையலோடு கிடந்தேன். அவள் நர்ஸிடம் எனக்குச் செய்தி அனுப்பினாள். "அவரு அங்க படுத்துக்கிட்டு சும்மா இருக்காரு, அதான் ஏறிடுச்சு. டீ எங்கேன்னு கேளுங்க" என்றாளாம். பயத்தை மறைக்கிறாள் என்று புரிந்தது.

எழுந்தேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நர்ஸ்கள் டீ போடும் அறைக்குப் போனேன். பெரிய நர்ஸ் திட்டியது, பிறகு அதுவே பாலை எடுத்துக் கொடுத்தது. முகமூடி, கையுறை எல்லாம் மாட்டி விட்டார்கள். அவள் படுக்கை வரை நடந்து போய் டம்ளரை நீட்டினேன். முழுவதையும் குடித்தாள். இது போல மோசமான டீயைத் தன் வாழ்நாளில் குடித்ததில்லை என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு என் கையைப் பிடித்தவள், நர்ஸ் வந்து கூப்பிடும் வரை விடவில்லை.

மறுநாள் அளவு இறங்கியது. இன்று இன்னும் இறங்கியிருக்கிறது. சிறுநீரும் தாராளமாக வருகிறது. மெஷின் களைந்ததால்தான் இறங்கியது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் உன்னிடம் சொல்கிறேன், ரிசல்ட்டைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது.

முழுவதும் தாண்டிவிட்டோம் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. உன் அம்மா சொல்லும் அந்தத் தைக்கிற அணுக்கள் உள்ளே இருந்துகொண்டுதான் இருக்குமாம். அதனால் டீயை நிறுத்துவதாக இல்லை. நீ நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா. அந்தச் சட்டைத் துணிகளை மடித்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

போனில் பேசும்போது உடம்பு எப்படி என்று அவளிடம் கேட்காதே, நன்றாக இருக்கிறேன் என்று பொய் சொல்வாள். அப்பா போட்ட டீ எப்படி என்று கேள். திட்டுவாள். அந்தத் திட்டு நீளமாக இருந்தால், நீ நிம்மதியாகத் தூங்கு.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா