ஓடுகிற யூனிட்டை நிறுத்தக் கூடாது

ஜூன் 9, திங்கள்

மீண்டும் அதே அறிவிப்பு: ‘போதிய நினைவகம் இல்லை.’ எம்பிராய்டரி மென்பொருள் தானே மூடிக்கொண்டது. என் மனைவி செங்கமலம் காலையிலிருந்து வரைந்த மாங்காய்க் கொடி, சேமிப்பதற்குள் மறைந்தது. தமன்னாவின் நிக்காஹ் உடுப்பு அவளுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. வெள்ளிக்குள் வடிவம் தராவிட்டால் கடலூரில் வேறொருவரிடம் கொடுத்துவிடுவதாக மணப்பெண்ணின் தாய் சித்தீகா வருத்தத்துடன் சொல்லியிருக்கிறார்.

செங்கமலத்தின் அண்ணன் கொளஞ்சிநாதன், அனல்மின் நிலையத்தில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர், சித்திரை முதல் எங்கள் குவார்ட்டர்ஸின் விருந்தாளி, தீர்ப்பு வழங்கினார்: “இது செத்த மோட்டாருங்க மாப்ள. போட்டுட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிக்கங்க.”

நான் சிரிக்கவில்லை. இயற்பியல் முதுகலை படித்தவன் வீட்டில் ஒரு கணினி அவ்வளவு எளிதில் சாகாது.

ஜூன் 10

தாமாகவே தொடங்கும் வெட்டி நிரல்களை முடக்கினேன். மெய்நிகர் நினைவகத்தை, அதாவது வன்தட்டில் இரவல் வாங்கும் இடத்தை, உயர்த்தினேன். அணைத்துத் திறந்தேன். மாலைவரை நன்றாக ஓடியது. மச்சானிடம் ஒன்றும் பேசவில்லை. வென்றவர்கள் பேசுவதில்லை.

ஜூன் 11

மறுபடி! என்னதான் ஆச்சு இதுக்கு? செங்கமலம் அழவில்லை, தட்டைச் சற்று ஓங்கி வைத்தாள். மச்சானின் ஊருக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அவர் கேட்காமலேயே அவரிடம் தெரிவித்தேன்.

ஜூன் 12

விடுப்பு எடுத்து, இயங்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்தேன். ராசிபலன், ரம்மி, மனை விலை, யூடியூப், மேலும் யூடியூப். எல்லாம் மச்சான் உட்கார்ந்தபோது திறந்தவை. யாவும் சுருக்கி ஒதுக்கப்பட்டு, யாவும் ஓடிக்கொண்டு. இரண்டு ஜிபி நினைவகத்தில் ஓர் ஊரே குடியேறியிருந்தது.

“இவற்றையெல்லாம் ஏன் மூடுவதில்லை, மச்சான்?” குரலை உயர்த்தாமல்தான் கேட்டேன்.

“ஷிப்ட் மாறும்போது ஓடுற யூனிட்ட எவனாச்சும் நிறுத்துவானா மாப்ள? சர்வீஸ் பூரா ஓட்டிக்கினே கைமாத்திட்டுத்தான் வூட்டுக்கு வருவேன். அடுத்து பாப்பா உக்காருதே, எதையாச்சும் நிறுத்திட்டா அதுக்குத்தானுங்களே லாஸ்?”

தங்கைக்காக! இரண்டு நாளாக நான் செதுக்கி வைத்திருந்த கண்டன உரையை மடித்து வைத்தேன்.

“இது பாய்லர் இல்ல மச்சான். அணைச்சா ஆறிப்போகாது” என்றேன். உள்ளே செங்கமலம் சிரித்தாள்.

ஜூன் 13

வடிவம் முடிந்தது. ஒருமுறைகூட மூடிக்கொள்ளவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பண்ருட்டியில் நிக்காஹ். பந்தியில் தமன்னாவின் மாங்காய்க் கொடியைப் பற்றி மச்சான் யார் யாரிடமோ, “என் தங்கச்சி போட்டது” என்றார். திரும்பி வந்து ரம்மி ஆடினார். எழுந்ததும் விறைப்பாக நின்று, “யூனிட் ஷட் டவுன், மாப்ள!” என்றார். பிறகு, சற்றுத் தாழ்ந்த குரலில்: “காலையில கிளம்பறேன். நீங்க சொன்ன அந்த பஸ்ஸு இருக்குதுங்களா?”

“அதை நிறுத்திட்டாங்க மச்சான்.”

இன்று நிக்காஹுக்குக் கிளம்பியபோது எங்களைக் கடந்து போனது அதே பேருந்துதான். அவரும் பார்த்தார்.