“நான் யாரு, சொல்லு”

நவம்பர் 4, செவ்வாய்
ரயில் நாற்பது நிமிடம் தாமதம். கீழ்வேளூரில் இறங்கியதும் மழை. புது கேஸ். செந்தாமரை, இருபது வயது, ஆட்டிசம். ஏழெட்டு வார்த்தை பேசுவாள். வலது முஷ்டியால் தன் நெற்றியில் தானே குத்திக்கொள்கிறாள். அந்த இடம் காய்த்துப்போயிருக்கிறது.

அக்கா எழில்மொழிக்குத் தை பதினாலு கல்யாணம். அதற்குள் குத்துவது குறையாவிட்டால் செந்தாமரையைத் திருச்சியில் ஒரு விடுதியில் விடப்போகிறார்கள். “கல்யாணம் முடியிற வரைக்குமா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். அங்கயேதான்” என்றார் அப்பா இராஜாங்கம். அம்மா தங்கம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

எண்பத்தைந்து நாள் இருக்கிறது. இதைவிட மோசமானதை நாற்பதே நாளில் குறைத்திருக்கிறேன்.

நவம்பர் 11, செவ்வாய்
தங்கம்மாள் ஒரு வாரத் தாளை நிரப்பி வைத்திருந்தார். முன்னால் என்ன நடந்தது, அவள் என்ன செய்தாள், பிறகு என்ன நடந்தது என்று மூன்று கட்டம். நாற்பத்தாறு தடவை. கடைசிக் கட்டத்தில் எப்போதும் “எல்லாரும் ஓடியாந்தோம்”. முதல் கட்டத்தில் முக்கால்வாசி “ஒன்னுமில்ல”. ஒன்றுமில்லாமல் எதுவும் நடக்காதம்மா என்று சத்தம் போட்டேன்.

குத்தினால் கூட்டம் கூடுகிறது. அந்தக் கூட்டம்தான் அவளுக்குக் கூலி. விஷயம் தெளிவு. இனி குத்தினால் யாரும் கண்டுகொள்ளக் கூடாது. அடிபடாமல் தலையணையைக் குறுக்கே வைக்கலாம், முகம் பார்க்கக் கூடாது.

எங்கள் தெரபி சென்டரில் எனக்கு மூத்தவரான இசைவாணி மேடம், “தாள மட்டும் நம்பாத பரிதி. ஒரு நாள் முழுக்க உக்காந்து பாரு” என்றார். தேவையில்லை என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி
தங்கம்மாள் போன். “கூடிருச்சு சார்.” முதலில் கூடும், அப்புறம் இறங்கும் என்றேன்.

நவம்பர் 21, வெள்ளி
இறங்கவில்லை. இந்த வாரம் எழுபத்தொன்று. நெற்றித் தோல் கிழிந்துவிட்டது.

“நீங்க சொன்ன மாதிரிதான் சார். மூஞ்சியக்கூடப் பாக்கல. பெத்த புள்ள மூஞ்சிய...” தங்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். எழில்மொழி போனில் கேட்டாள்: “எங்கம்மாவ அழவைக்கவா சார் உங்களக் கூப்பிட்டோம்?”

நியாயமில்லாத கேள்வி. இல்லை, நியாயம்தான். எங்கே தப்பு?

நவம்பர் 22, சனி
காலை எட்டு மணியிலிருந்து கூடத்து மூலையில் உட்கார்ந்தேன். கல்யாண வீடு, ஆள் வந்துகொண்டே இருக்கிறது. முதலில் சித்தப்பா மருதையன். நேராக வந்து செந்தாமரையின் தாடையைப் பிடித்தார். “நான் யாரு, சொல்லு? மறந்துட்டியா? சொன்னாத்தான் விடுவேன்.” பத்து விநாடி. குத்து.

அடுத்து ஒரு அத்தை. அதே தாடை, அதே கேள்வி, அதே குத்து.

பதின்மூன்று பேர் வந்தார்கள். பதினொரு பேர் கேட்டார்கள், பதினொரு குத்து. கேட்காத இரண்டு பேர் சிலிண்டர் போட வந்தவரும் கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவரும். அவர்களை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதுதான் அந்த “ஒன்னுமில்ல”! இவர்களுக்கு அது கேள்வியே இல்லை, பாசம். முன்பெல்லாம் அவள் குத்தினால் “ஐயோ பாவம், விடு” என்று விட்டுவிடுவார்களாம். கூட்டம் வேண்டி அவள் குத்தவில்லை. கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான் குத்தினாள். நான் கண்டுகொள்ளாதீர்கள் என்றேன். குத்திய பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கு இருந்த ஒரே வழியை நான் அடைத்தேன்.

இன்னும் இருக்கிறது. கிளம்பும்போது பழக்கத்தில் குனிந்து, “செந்தாமரை, நான் யாரு? பரிதி சார். சொல்லு” என்றேன். கை மேலே போனது. வந்த ஒவ்வொரு நாளும் இதைக் கேட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு.

நவம்பர் 25, செவ்வாய்
“தப்பு என்னோடதும்மா” என்றேன். “காப்பி ஆறுது, குடிங்க” என்றார் தங்கம்மாள்.

புதுத் திட்டம். உள்ளங்கையை முன்னால் காட்டினால் “போதும்”. கேள்வி தொடங்கியதும் தங்கம்மாள் அவள் கையைப் பிடித்து அப்படிக் காட்ட வைப்பார். உடனே கேட்டவர் விலக வேண்டும். யாரும் பரீட்சை வைக்கக் கூடாது. வந்தவர்தான் தன் பேரைச் சொல்ல வேண்டும். சார்ட்டில் எழுதி வாசல் நிலையில் ஒட்டினேன்.

“என்ன சார், கலெக்டர் ஆபீஸா இது?” என்றார் மருதையன்.

“ஆமா. சொல்லிட்டு உள்ள போங்க.”

“செந்தாமர... நான் மருதையன் வந்திருக்கேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவள் குத்தவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்
இந்த வாரம் பத்தொன்பது.

டிசம்பர் 30, செவ்வாய்
நான்கு. இப்போதெல்லாம் யாரும் கையைப் பிடித்துக் காட்ட வேண்டியதில்லை. உப்புமாவுக்கும் கையைக் காட்டுகிறாளாம். “ஒரு வாட்டி கத்துக்கிட்டா எல்லாத்துக்கும்தான் சொல்லுவா” என்று இசைவாணி மேடம் சிரித்தார்.

விடுதி என்னாச்சு என்று இராஜாங்கத்திடம் நேராகக் கேட்டேன்.

“ஃபார்ம் வாங்கி வச்சிருக்கேன் சார். மண்டபத்துல முந்நூறு பேரு வருவாங்க. அங்கயும் சார்ட் ஒட்டுவீங்களா?”

எரிச்சல்தான் வந்தது, அவர் மேல் இல்லை.

ஜனவரி 28, புதன்
கல்யாணம். செந்தாமரை பச்சைப் பட்டில், மேடைக்குப் பக்கத்தில் ஃபேனுக்கு நேரே. நான் பந்திக்குப் போகாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாலி கட்டி முடிந்ததும் இராஜாங்கத்தின் சின்னம்மா ரெங்கம்மாள் நேராக வந்து தாடையைப் பிடித்தார். “நான் யாரு, சொல்லு?”

உள்ளங்கை எழுந்தது. கிழவிக்குப் புரியவில்லை. “அட, சொல்லேன்டி.” மறுபடியும் உள்ளங்கை, முகத்துக்கு நேரே. நான் எழுந்தேன். எனக்கு முன்னால் இராஜாங்கம் மேடையிலிருந்து இறங்கியிருந்தார்.

“போதும்ங்கிறா சின்னம்மா. உங்க பேரச் சொல்லிட்டு சாப்பிடப் போங்க.”

“நான் ரெங்கம்மாடி!” என்று சொல்லிவிட்டுப் பந்திக்குப் போனார்.

இராஜாங்கம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, எந்த வேனில் யார் திரும்ப வேண்டும் என்று சரிபார்த்தார். வீட்டுக்குப் போகும் வேனில் செந்தாமரை பெயர். தாளின் மறுபக்கம் நிரப்பாத விடுதி ஃபார்ம்.

கிளம்பும் முன் தங்கம்மாளுக்கு அடுத்த மாதத் தாளை எப்படி நிரப்புவது என்று விளக்க ஆரம்பித்தேன். இரண்டாவது கட்டத்துக்கு வரும்போது செந்தாமரை என்னைப் பார்த்து உள்ளங்கையைக் காட்டினாள்.

நிறுத்திக்கொண்டேன்.