பத்தாவது பெயர்

அக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை கைப்பேசியில் பழைய கோப்புகளை அழித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கொரோனா தடுப்பூசிச் சான்றிதழ் திறந்துகொண்டது. உங்களிடம் இருந்தது பட்டன் போன் என்பதால் பதிவுக்கு என் எண்ணைக் கொடுத்திருந்தோம். இரண்டு தவணையும் முடிந்தது என்கிறது அது. இரண்டாவது ஊசி உங்கள் கையில் ஏறவே இல்லை. நம் இருவரைத் தவிர நேற்றுவரை அது யாருக்கும் தெரியாது.

ஜீவனஹள்ளிப் பள்ளியில் முகாம். பெயர்களைக் கணினியில் ஏற்றும் தன்னார்வலராக நான் மேசையில் இருந்தேன். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கான மருந்து. திறந்தால் சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் பத்துப் பேர் சேரும்வரை திறக்கமாட்டார்கள். நம் தெருவில் மீதமிருந்தது நீங்கள் ஒருவர்தான். முதல் ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சலில் படுத்த பயம் உங்களுக்கு. நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

“ஹத்து ஜனா ஆய்தா?” பத்துப் பேர் ஆயிற்றா என்று நர்ஸ் கன்னடத்தில் கேட்டார். பத்தாவது ஆளாக நீங்கள் வந்து நின்றதும் குப்பியைத் திறந்தார். நான் பத்துப் பெயருக்கும் ‘போட்டாயிற்று’ என்று முன்கூட்டியே அழுத்தினேன். கூட்டம் நெருக்கும்போது எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

அதற்குள் நீங்கள் வேலைபார்த்த லிங்கராஜபுரம் அபார்ட்மெண்டிலிருந்து அழைப்பு.

“டேங்க் வழியுதாம், சூப்பர்வைசர் கத்துறான். ஓடியாந்துர்றேன் கண்ணு.”

நீங்கள் வரவில்லை. உங்கள் பங்கு மருந்து குப்பியிலேயே மீந்து, மாலையில் குப்பைக்குப் போனது.

மறுநாள் மாடிப்படியில் சான்றிதழைக் காட்டினேன். சிரித்தீர்கள். “குத்தாமலே குத்திட்டியா? நல்ல டாக்டரம்மா! சூப்பர்வைசருக்கு இந்தப் பேப்பர்தான் வேணும். வுடு.”

நான் உடனே நர்ஸிடம் போயிருக்க வேண்டும். ஆனால் நம் தெருவில் எல்லோருக்கும் போட்டாயிற்று என்று ஆஷா சுகாதாரப் பணியாளர் அறிவித்துக் கைதட்ட வைத்து, படமும் எடுத்தாயிற்று. படத்தில் முன்வரிசையில் நான். அத்தனை புத்தகம் படித்தவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லத் துணிவில்லை. தலையாட்டிவிட்டு மாடியேறிவிட்டேன்.

அடுத்த அலையில், ஏற்கெனவே இழுப்பு இருந்த உங்களுக்கு ஐந்தே நாள். ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பீர்களா, தெரியாது. அந்தத் ‘தெரியாது’க்குள் பலமுறை ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

உங்கள் மகள் தெருவெல்லாம் சொல்லிவந்தாள்: “எங்கம்மா ரெண்டு ஊசியும் போட்டாங்க. இன்னா ஆச்சு? எல்லாம் சும்மா.” நேற்று அவள் குழந்தைக்குத் தட்டம்மை ஊசி போட அங்கன்வாடியிலிருந்து கூப்பிட வந்தவரிடமும் அதையே சொல்லிக் கதவைச் சாத்தினாள். நான் போய்த் தட்டினேன். இரண்டாவது ஊசி ஏறாததையும், அதைத் திருத்தாமல் விட்டுவிட்டதையும் சொன்னேன்.

அவள் அழவில்லை. “வுடுன்னு சொன்னது யாரு? அம்மாவா, நீயா?”

“நான்தான்.”

“என் மூஞ்சில முழிக்காத.”

இன்று படியில் எதிர்ப்பட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோளில் கிடந்த குழந்தை ஊசி போட்ட வலியில் சிணுங்கிக்கொண்டிருந்தது. அவளுடைய வெறுப்பு என்னிடமே இருக்கட்டும், அக்கா. நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த ஒரு சொல்லையும் அதோடு வைத்துக்கொள்கிறேன். அவளுக்கு அது தெரியவேண்டாம்.