மீட்டரில் குறைந்த ஆறு மணி நேரம்

நவம்பர் 4, 2024, திங்கள்

ரோஹிணிக்கு இனி வீட்டிலேயே ஆக்ஸிஜன் வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இரவும் பகலும், நிமிஷத்துக்கு இரண்டு லிட்டர். சீட்டின் பின்பக்கம் ஒரு கடையின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். நான் கேட்கவே இல்லையே, ஏன் கொடுத்தார்? முப்பத்து நான்கு வருஷம் கிடர்பூர் துறைமுகத்தில், கஸ்டம்ஸில் பெட்டி திறந்து பார்த்தவன் நான். கேட்காமல் நீட்டுகிற காகிதத்தை நம்புவதில்லை.

நவம்பர் 6, புதன்

பையன் குருபிரசாத் ஊரின் மறுகோடியில், சால்ட் லேக்கிலிருந்து பேசினான். தோளில் மாட்டிக்கொள்ளும் சின்ன மெஷின் வாங்கலாமாம். "அம்மா வெளியில போகலாம்பா." சமையலறை போய்வரவே மூச்சு வாங்குகிறது அவளுக்கு. அந்த மெஷின் மூச்சை உள்ளே இழுக்கும்போது மட்டும்தான் காற்று விடுமாம். தூக்கத்தில் இவள் இழுப்பதெல்லாம் ஓர் இழுப்பா? அதற்கு எப்படித் தெரியும்?

பெரிய சிலிண்டர் என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. உள்ளே எவ்வளவு நிரப்பினான் என்று யார் கண்டது?

நவம்பர் 9, சனி

டாக்டர் எழுதிய கடைக்குப் போகவில்லை. இங்கே பவானிபூரிலேயே நிமாய் பாபு என்பவரிடம் வாங்கினேன். அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின், ஐந்து லிட்டர் வகை. கரண்ட் போனால் உதவ ஒரு சின்ன சிலிண்டர். நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, "செகண்ட் ஹேண்ட் இல்லை தாதா" என்றார், வங்காளியில் அண்ணா என்று. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதை. மெஷின் ஓடிய நேரம் காட்டும் மீட்டரைப் பார்த்தேன். பதினொரு மணி நேரம். "ஓட்டிப் பார்த்தோம், தாதா." இருக்கட்டும்.

வீட்டில் கொண்டுவந்து இறக்கியபோது படுக்கையறையில் வைக்கச் சொன்னார். பூஜை அலமாரிப் பக்கம் கூடாதாம். காரணம் சொல்ல வாயெடுத்தார், நான் கேட்கவில்லை. மீட்டரை நான் பார்க்கக்கூடாது என்பதுதான் காரணமாக இருக்கும். கூடத்தில், அலமாரிக்குக் கீழேயே வைத்துவிட்டேன். என் நாற்காலியிலிருந்து நேராகத் தெரிகிறது.

நவம்பர் 10, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு மீட்டரைக் குறித்துக்கொண்டு போட்டுவிட்டேன். 11. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் பார்க்கும் மானியில் ரோஹிணிக்கு 94.

நவம்பர் 13, புதன்

காலையில் 94, மத்தியானம் 93. சாயங்காலம் நான் தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் 85. நான்கு நாளாக இதே கதை. அந்த நேரத்தில் அவளால் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச முடியவில்லை. அது என்ன மெஷின், சாயங்காலம் மட்டும் களைத்துப்போகிறது?

நவம்பர் 15, வெள்ளி

நிமாய் பாபுவைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டேன். வந்து ஏதோ கருவியை வைத்து அளந்தார். 94 சதவீதம் சுத்தம் என்றார். அவர் தராசில் அவரே நிறுத்தால் எடை சரியாகத்தான் இருக்கும். போகும்போது ரோஹிணியிடம் தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லைன்னா" என்றாள்.

நவம்பர் 16, சனி

சாயங்காலக் கணக்கு இப்படியே இருந்தால் அடுத்த வெள்ளியன்று அட்மிட் செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர். போன தடவை பதினேழு நாள் இருந்தாள். "திரும்ப அங்கே வேண்டாம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதினால்தான் ஒப்புக்கொள்ள முடிகிறது.

நவம்பர் 19, செவ்வாய்

அகப்பட்டுவிட்டது. ஒன்பது நாள், ஒரு நிமிஷமும் கரண்ட் போகவில்லை. காலை ஆறு மணிக்கு மீட்டரில் 227 இருக்க வேண்டும். இருப்பது 221. ஆறு மணி நேரம் குறைவு. திருட்டு மீட்டர்! மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மூன்று மாடி ஆனாலும் சிலிண்டரே வாங்கப்போகிறேன்.

ஆனால் – ஒன்பது நாளில் ஆறு மணி நேரம். நாளுக்கு நாற்பது நிமிஷம். மீட்டர் பொய் சொல்கிறதா, மெஷின் நிற்கிறதா? என் டீ நேரம் அறிந்து நிமாய் பாபுவின் ஆள் யாராவது வந்து போகிறானா?

நவம்பர் 20, புதன்

துறைமுகத்தில் செய்வதைத்தான் செய்தேன். டீக்குப் போனதுபோல் போய், பத்து நிமிஷத்தில் சத்தமில்லாமல் திரும்பினேன்.

மெஷின் நின்றிருந்தது. குழாய் நாற்காலியில் சுருட்டி வைத்திருந்தது. ரோஹிணி அலமாரியைப் பிடித்துக்கொண்டு விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

அவளை உட்காரவைத்தேன். துண்டு துண்டாகச் சொன்னாள். "நெருப்புப் பக்கத்துல... ஆக்ஸிஜன் கூடாதுன்னார்... நிமாய் பாபு. மெஷின் வந்த அன்னிக்கே... அப்புறம் ஒருதரமும். அதான் அணைச்சுட்டு... ஏத்தறேன்." விளக்கை மலையேற்றி, புகை போனபிறகு, என் செருப்புச் சத்தம் கேட்கிற நேரத்தில் மறுபடி போட்டுக்கொள்வாளாம்.

"என்கிட்டே சொல்றதுக்கென்ன?"

"அவர் சொன்னார்னா... நம்புவேளா? மெஷினை... நகர்த்த விட்டேளா? விளக்கை நிறுத்துன்னுதான்... சொல்லியிருப்பேள்."

சொல்லியிருப்பேன்.

ஆக்ஸிஜன் சிலிண்டர் இறங்குகிற இடத்தில் பீடி பற்றவைத்தவனைத் துரத்தியவன் நான். அறைக் காற்றில் ஓடும் மெஷின்தானே என்று இருந்துவிட்டேன். பத்து நாள் சாயங்காலமும் உள்ளே நுழைந்தபோது திரி கருகிய வாசனை இருந்தது. எரிய வேண்டிய விளக்கு எரியவில்லை. நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊசி போன இடம் பார்ப்பவனுக்கு உலக்கை போன இடம் தெரியாது. அவள் மூச்சைத் திருடியது நான்தான்.

நவம்பர் 21, வியாழன்

மெஷின் படுக்கையறைக்குப் போய்விட்டது. நிமாய் பாபுவே வந்து இடம் காட்டினார். சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார், வைத்தேன். விளக்கு இனி என் வேலை. சாயங்காலம் 92.

நவம்பர் 22, வெள்ளி

அட்மிஷன் வேண்டாம் என்றார் டாக்டர்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. பால்கனியில் பதினோரு அகல் ஏற்றி, கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, கட்டிலில் குழாயோடு உட்கார்ந்திருந்தவளிடம் வந்தேன். எட்டிப் பார்த்தாள்.

"எண்ணெயைக் கொஞ்சமா விட்டு, திரியை வேற இவ்வளவு வெளியில இழுத்து வெச்சிருக்கேளே, எட்டு மணிக்குள்ள எல்லாம் மலையேறிடும் பாருங்கோ" என்றாள்.

நடுவில் மூச்சுக்காக எங்கும் நிறுத்தவில்லை.