ஓடுகிற தண்ணீர் வரும் வரை

ஜூன் 13, சனி

நல்ல வெயில். மேல்காற்று வேறு. தில்லை நகர்ப் புழுதி முழுக்க எங்கள் மாடிக்குத்தான் வருகிறது. பால்கனியை இரண்டு முறை கழுவியாயிற்று.

நேற்று மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டார்கள். டி.வி.யில் பார்த்துவிட்டு மகளிடம் சொன்னேன், "அம்மாவுக்குத் தண்ணி கிளம்பியாச்சு."

வித்யா லேப்டாப்பிலிருந்து நிமிராமலே, "புதனுக்குள்ள வந்துருமாப்பா?"

புதன் மதியம் அவளுக்கு ரயில். புனேயில் வேலை. இதற்கு மேல் லீவு இல்லை என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள்.

என் கோமதியின் அஸ்தி கீழே, வாசல் வேப்பமரக் கிளையில். மண் கலயம், வாயில் வெள்ளைத்துணி. வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பார்கள். கை எட்டுகிற கிளை அது ஒன்றுதான். கீழே அவளுடைய ஸ்கூட்டர். வாட்ச்மேன் அந்தோணி சொன்னார், "அம்மா வண்டிக்கு அம்மாவே காவல் சார். எனக்கு வேலை மிச்சம்." சிரித்தார். பிறகு கேட் பக்கம் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்தும் அஸ்தி இன்னும் கரைக்கவில்லையா என்று கேட்காத ஆள் இல்லை. காவிரியில் மணல்தான் இருந்தது, என்ன செய்ய. அம்மா மண்டபப் படித்துறையில் கோடைக்கு ஷவர் போட்டிருக்கிறார்கள், பக்கத்தில் போர் தண்ணீர் விட்ட ஒரு குட்டை. எல்லாரும் அதில்தான் கரைக்கிறார்கள். தப்பொன்றும் இல்லை. ஆனால் போன கோடையில் ஒரு சொந்தக்காரர் அஸ்திக்குப் போனபோது கோமதி அந்தக் குட்டையைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "என்னைய இதுல விட்டுறாதீங்க. நான் ஓடற தண்ணியில நீந்துனவ."

அவள் என்னிடம் கேட்டதே கொஞ்சம். அதில் இது ஒன்று.

மாப்பிள்ளை போனில், "ராமேஸ்வரம் போயிரலாமே மாமா." கோமதி கடலில் இறங்க மாட்டாள், கண் எரியும் என்பாள். அதை எப்படிச் சொல்வது. "பார்க்கலாம்" என்றேன்.

வாங்க வேண்டியது: எள், பச்சரிசி, வெற்றிலை, பால் (அன்றைக்குக் காலையில்), உதிரிப்பூ, எனக்குச் செருப்பு வார்.

ஜூன் 14, ஞாயிறு

காற்று குறையவில்லை. காலையில் பொங்கல். கோமதி வைப்பதுபோல் குழையவில்லை.

அவள் அலமாரியை ஒழித்தோம். ரயில்வே அடையாள அட்டை கிடைத்தது. ஜங்ஷன் ரிசர்வேஷன் கவுண்டரில் வேலை பார்த்தவள். ஒருமுறை தீபாவளி நேரத்தில் அவளைக் கூப்பிடப் போனேன். வரிசையில் ஒருவர் கண்ணாடியில் அடித்துக் கத்துகிறார். இவள் மறுபேச்சே பேசவில்லை. "ஆமாங்க, கஷ்டந்தான். அப்புறம்? சொல்லுங்க" என்று அவர் போகிற போக்கிலேயே போய், கடைசியில் வேறொரு வண்டியில் டிக்கெட் போட்டுக்கொடுத்தாள். கத்தினவர் கும்பிட்டுவிட்டுப் போனார். எப்படி என்று கேட்டேன். "ஆத்துல இழுப்பு வந்தா என்ன செய்வோம்? எதிர்த்தா மூச்சு போயிரும். அது கூடவே போயி மெதுவா கரை ஒதுங்கணும்" என்றாள். முசிறிக்காரி; இங்கிருந்து ஆற்றோடு மேலே போனால் அவள் ஊர். சின்ன வயதிலேயே அக்கரை போய்த் திரும்பியவள். நான் இத்தனை வருஷம் பூகோளம் நடத்தினேன். நதியைப் பற்றி இவ்வளவு நல்ல உதாரணம் ஒன்றுகூட என்னிடம் இருந்ததில்லை.

எனக்குத் தண்ணீர் என்றால் பயம். ஆடிப்பெருக்குக்கு அவள் கழுத்தளவில் நின்று என்னையும் கூப்பிடுவாள். நான் படியில் உட்கார்ந்து அவள் கண்ணாடியைக் கையில் வைத்திருப்பேன். அதுதான் என் வேலை.

மாலை அபார்ட்மென்ட் வாட்ஸ்அப்பில் வீடியோ. முக்கொம்பு அணையில் நுரையும் தண்ணீருமாக. ஐயருக்கு உடனே போன். நாளைக் காலை.

ஜூன் 15, திங்கள்

எழுதவே வெட்கம்.

விடியற்காலையில் கலயத்தை இறக்கினோம். மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அம்மா மண்டபம். படியில் நின்று பார்த்தால் அக்கரை வரை மணல். நடுவில் நாலு மாடு படுத்திருக்கிறது.

அது போன வருஷத்து வீடியோ.

வகுப்பில் "எங்கே படித்தாய், யார் சொன்னார்" என்று பிள்ளைகளைக் குடைந்தவன் நான். வி. உதட்டைக் கடித்துக்கொண்டு மாடுகளைப் பார்த்தாள். அம்மாவுக்கும் இப்படித்தான் சிரிப்பு வரும். பிறகு மெதுவாக, "முசிறி மாமாவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம்லப்பா?"

மணலுக்கும் தாகம் உண்டு என்று அவளுக்கு விளக்கினேன். காய்ந்த இட்லித்துணியில் தண்ணீர் தெளித்தால் முதலில் துணிதானே குடிக்கும், அதுபோல. "சரிப்பா. மாட்டுக்கும் சொல்லுங்க" என்றாள்.

ஐயர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "சார், அடுத்த தடவை கால் நனைஞ்சதும் போன் பண்ணுங்கோ." நியாயம். போகும்போது இன்னொன்றும் சொன்னார்: இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கலயத்தைத் தோளுக்குப் பின்னால் விடவேண்டும், திரும்பிப் பார்க்கக்கூடாது.

இடுப்பளவு.

கலயம் மறுபடி மரத்தில். அந்தோணியே முடிச்சுப் போட்டுக்கொடுத்தார்.

ஜூன் 16, செவ்வாய்

வி. பெட்டி அடுக்குகிறாள். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, அம்மாவின் நீலப் புடவை.

"நாளைக்கும் வரலைன்னா, அந்தக் குட்டையிலயே கரைச்சிரலாமாப்பா? நான் இல்லாம நீங்க தனியா..." "பார்க்கலாம்" என்றேன். அவளும் இருக்கவேண்டும், கோமதி கேட்டதும் நடக்கவேண்டும். இரண்டில் ஒன்றை விடு என்றால் எதை விடுவேன்?

மதியம் செல்வம் போன், கோமதியின் தம்பி. "மாமா, முசிறிக்கு வந்துருச்சு. வீடியோ இல்ல மாமா, நான் கால வெச்சுக்கிட்டேதான் பேசுறேன். சில்லுனு இருக்கு." தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கட்டும் என்று போனைக் கீழே பிடித்தார். நானும் வி.யும் ஸ்பீக்கரில் வெகுநேரம் கேட்டோம்.

உடனே பயமும் பிடித்துக்கொண்டது. வி. பார்த்துவிட்டாள். "நான் எறங்கறேன்ப்பா. எனக்கு நீச்சல் தெரியும். அம்மா சொல்லிக்கொடுத்ததுதானே."

வேண்டாம் என்றேன். நானே.

வேட்டி துவைத்துக் காயப்போட்டேன்.

ஜூன் 17, புதன்

இன்று வெயில் தெரியவில்லை.

விடிந்ததும் போய்விட்டோம். கரையில் கூட்டம், கையில் பூக்கூடைகள். ஆற்றுக்குள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து யாரோ, "டேய், ஸ்டம்பைப் புடுங்குங்கடா, வருது!"

வந்தது. பெரிய அலையெல்லாம் இல்லை. கொட்டிய டீ மேசையில் வழி தேடுமே, அப்படி. முன்னால் நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு, ஒரு தண்ணீர் பாட்டில். பள்ளத்தில் நின்று, நிரம்பி, அடுத்த பள்ளத்துக்கு. பெண்கள் குலவையிட்டார்கள். பின்னால் ஒரு அம்மா, "வாடி, வா, வந்துட்டியா" என்றார்.

ஐயர் வந்து பார்த்தார். "கணுக்கால்தான் இருக்கு சார். மதியத்துக்கு மேல இடுப்பளவு வரும். இருக்கேளா?"

மதியம் வி.க்கு ரயில்.

கலயத்தில் ஒட்டியிருந்த வேப்பிலை ஒன்றை எடுத்துத் தண்ணீரில் போட்டேன். உய்யக்கொண்டான் வாய்க்காலில் பிள்ளைகளுக்கு இப்படித்தான் நீரோட்டம் காட்டுவேன். இலை சுற்றியது, ஒரு கல்லில் தட்டி நின்றது, விலகிப் போய்க்கொண்டே இருந்தது.

"ஓடுதுங்க. இது போதும். அவ ஆழம் கேக்கல."

"இடுப்பளவு வேணுமே சார்."

உட்கார்ந்துவிட்டேன். ஆற்றுக்குள், மணலில், அப்படியே. வேட்டிக்குள் தண்ணீர் புகுந்து இடுப்பைச் சுற்றிக்கொண்டு போனது. ஐயர் ஒரு நிமிஷம் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "சரி, இடுப்பளவு ஆயிடுத்து. சொல்லுங்கோ."

"கண்ணாடியைக் குடுங்கப்பா, விழுந்துரும்" என்று வி. வாங்கிக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தாள்.

மந்திரம் முடிந்தது. தோளுக்குப் பின்னால் கைகளைக் கொண்டுபோய் விட்டேன். கலயம் முதுகில் லேசாக ஒரு தரம் இடித்தது. பிறகு இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பயம் எப்போது போனது என்று தெரியவில்லை. எழுந்திருக்கவே மனம் வரவில்லை. இதற்குத்தான் இத்தனை வருஷம் கூப்பிட்டாளா.

வீட்டுக்கு வந்து குளித்து, தயிர் சாதம், ஓட்டம், ஸ்டேஷன். அவசரத்தில் பருப்புப்பொடியை விட்டுவிட்டாள். ரயில் நகர்ந்தபோது எல்லாமே மங்கலாகத் தெரிந்தது. அழுகைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது வி. போன். விழுப்புரம் தாண்டிவிட்டதாம். "அப்பா, சாரிப்பா. உங்க கண்ணாடி என் பையிலயே வந்துருச்சு."

இதைக் கோமதியின் கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் பெரிசாகத் தெரிகிறது.